சண்டர்லேண்டும் எஸ்ஸெனும்: பிரிட்டன் ஊரையும் அதோட ஐரோப்பிய ட்வின் டவுனையும் வெச்சு மக்கள்தொகை ஒப்பிடுறது எப்படி

பிரிட்டன்ல ஒரு ஊருக்குள்ள நுழையுற ரோட்டோரப் பேர்ப்பலகையைப் பாத்தீங்கன்னா, ஊர்ப்பேருக்குக் கீழ சின்ன எழுத்துல இன்னும் ரெண்டு மூணு ஊர்ப்பேர் இருக்கும், பெரும்பாலும் ஒரு ஜெர்மன் ஊரு, ஒரு பிரெஞ்சு ஊரு. அதான் ட்வின் டவுன், நம்ம பத்திரிகைகள்ல சகோதர நகரம்னு போடுவாங்க. ரெண்டாம் உலகப் போர்ல ஒருத்தர் ஊரை ஒருத்தர் குண்டு போட்டு அழிச்ச நாடுகள், போர் முடிஞ்சதும் ஊருக்கு ஊரு கைகுலுக்கிக்கிட்ட ஏற்பாடு இது. கவென்ட்ரி போர் நடக்கும்போதே 1944-ல ஸ்டாலின்கிராடோட சேந்துக்கிச்சு, 1947-ல கீல், 1959-ல டிரெஸ்டன். பிரிஸ்டலுக்கு ஹனோவர், ஆக்ஸ்ஃபோர்டுக்கு பான், ரெண்டுமே 1947.

இப்படி ஜோடி சேத்த ஊரெல்லாம் அதுக்கப்புறம் எப்படி வளந்துச்சு, எது சுருங்குச்சுன்னு பாக்க யாருக்கும் ஆசை வரும். காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கோ, ப்ளாக்ல எழுதவோ, சும்மா தெரிஞ்சுக்கவோ, எதுக்கா இருந்தாலும் சரி, எக்ஸெல்ல கூட்டி வகுக்கத் தெரிஞ்சவங்களுக்காகத்தான் இது. ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். எண்ணைத் தேடி எடுக்கிறது ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை. அந்த எண்ணு எந்த எல்லைக்குள்ள, யார் யாரை, எந்தத் தேதியில எண்ணினதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் பாக்கி வேலை பூரா, அதை விட்டுட்டு கிராஃப் போட்டா அழகா இருக்கும், ஆனா தப்பா இருக்கும்.

1. ஜோடி இன்னும் ஜோடியாத்தான் இருக்கான்னு பாருங்க

விக்கிபீடியால லிஸ்ட் கெடைக்கும், அதோட நிறுத்தாம ரெண்டு ஊரோட கவுன்சில் வெப்சைட்டுக்கும் ஒரு தடவை போயிட்டு வாங்க. சில ஜோடி பிரிஞ்சே போயிருக்கும். லண்டனுக்கு வடக்க இருக்கிற பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபோர்டு, ஜெர்மனியோட ஃப்ரீட்பெர்க், பிரான்ஸோட வில்லியே-சுர்-மார்ன் ரெண்டு ஊரோட உறவையும் 2011-ல முடிச்சுக்கிச்சு. அந்த ஊர்ல இன்னொரு சிக்கலும் இருக்கு, அது ஒரு டவுன் கவுன்சில் தான், ஆனா வருஷா வருஷம் வர்ற மக்கள்தொகை டேட்டா ஈஸ்ட் ஹார்ட்ஃபோர்ட்ஷயர்ங்கிற பெரிய டிஸ்ட்ரிக்ட்டுக்குத்தான் சட்டுனு கைக்கு வரும். புதுசா ஆரம்பிக்கிறவங்க இந்த மாதிரி சின்ன ஊரைத் தொடாதீங்க. ஆயிரம் ரெண்டாயிரம் பேர் இருக்கிற கிராமம்னா இன்னும் மோசம், ஒரு புது ஹவுசிங் எஸ்டேட் வந்தாலே சதவீதம் துள்ளிக் குதிச்சிரும்.

நான் சொல்ற ஜோடி, ஜோடின்னு கூட இல்ல, மூணு ஊரு: இங்கிலாந்தோட வடகிழக்குல சண்டர்லேண்ட், ஜெர்மனில எஸ்ஸென், பிரான்ஸ்ல சான்-நஸேர். எஸ்ஸெனோட 1949-ல இருந்து உறவு, சான்-நஸேரோட 1953-ல இருந்து. சண்டர்லேண்டுன்னா கப்பல் கட்டுறதும் நிலக்கரியும், எஸ்ஸென்னா நிலக்கரியும் இரும்பும், சான்-நஸேர்னா கப்பல். மூணுமே போர்ல குண்டு வாங்கின ஊரு, அதுல சான்-நஸேர் கிட்டத்தட்ட தரைமட்டமாவே ஆயிருச்சு. தொழில் ஒரே ஜாதியா இருக்கிறதால ஒப்பிடுறதுல கொஞ்சம் அர்த்தம் இருக்கும். அதே மாதிரி மிடில்ஸ்பரோ - ஓபர்ஹவுசன் ஜோடியும் நல்லா இருக்கும், ரெண்டுமே இரும்பு ஊரு.

2. எல்லை, எல்லை, எல்லை

இதுலதான் முக்கால்வாசி பேர் கவுந்துருவாங்க. சண்டர்லேண்டுன்னு ஓஎன்எஸ் (பிரிட்டனோட புள்ளியியல் அலுவலகத்தை அங்க அப்படித்தான் சொல்றாங்க) ஒரு எண்ணு குடுக்குதுல்ல, அது சண்டர்லேண்ட் ஊரு மட்டும் இல்ல. 1974 ஏப்ரல் 1-ஆம் தேதி இங்கிலாந்துல உள்ளாட்சி எல்லைகளை மொத்தமா மாத்தி வரைஞ்சாங்க, அப்போ பக்கத்துல இருந்த வாஷிங்டன், ஹௌட்டன்-லெ-ஸ்பிரிங், ஹெட்டன்-லெ-ஹோல் எல்லாத்தையும் சண்டர்லேண்டோட சேத்துட்டாங்க. அதனால 1971 சென்சஸ்ல 2 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல இருந்த ஊரு, 1981-ல கிட்டத்தட்ட 3 லட்சமா தெரியும். யாரும் புதுசா வந்து குடியேறல, கோடு நகந்துச்சு, அவ்வளவுதான். பழைய ஊர்க்காரங்க கிட்ட நீங்க சண்டர்லேண்டான்னு கேட்டா, வாஷிங்டன்காரர் இல்லவே இல்லன்னுதான் சொல்வாரு, அது வேற கதை.

எஸ்ஸெனும் சும்மா இல்ல, 1975-ல கெட்விக்ங்கிற பக்கத்து ஊரை உள்ள இழுத்துக்கிச்சு. டிரெஸ்டனைப் பாத்தா இன்னும் பளிச்சுனு தெரியும், 1998-ல நாலரை லட்சம் சொச்சம், அடுத்த வருஷமே நாலே முக்கால் லட்சத்தைத் தாண்டிருச்சு. 1999 ஜனவரி 1-ல வைக்ஸ்டார்ஃப், லாங்கெப்ரூக், ஷோன்ஃபெல்ட்-வைஸிக்னு சுத்தி இருந்த ஊர்களைச் சேத்ததோட கணக்கு அது. ஜெர்மனி இணைஞ்ச அப்புறம் கிழக்குல இருந்து ஜனம் மேற்க கிளம்பிக்கிட்டு இருந்த காலத்துல டிரெஸ்டன் மட்டும் ஒரே வருஷத்துல இப்படி எகிறுச்சுன்னு எழுதுனீங்கன்னா படிக்கிற ஜெர்மன்காரன் சிரிப்பான்.

பிரான்ஸ்ல பிரச்சினை தலைகீழ். அங்க கம்யூன்னு சொல்ற உள்ளாட்சி கிட்டத்தட்ட 35,000 இருக்கு, ஒவ்வொண்ணும் துண்டு துண்டா சின்னது, பெரும்பாலும் சேக்கவும் மாட்டாங்க பிரிக்கவும் மாட்டாங்க. சண்டர்லேண்டோட பரப்பு சுமார் 137 சதுர கிலோமீட்டர், எஸ்ஸென் 210, சான்-நஸேர் கம்யூன் வெறும் 47. சண்டர்லேண்டோட நிஸ்ஸான் கார் ஃபேக்டரி வாஷிங்டன் பக்கம் இருக்கு, அது கவுன்சில் எல்லைக்குள்ள. சான்-நஸேர் பேர்ல ஓடுற ஏர்பஸ் ஃபேக்டரி இருக்கிறது மோன்ட்வார்ங்கிற பக்கத்து கம்யூன்ல. அப்போ அந்த ஃபேக்டரிக்குப் பக்கமா வீடு வாங்கி மோன்ட்வார்ல குடியிருக்கிறவரு சான்-நஸேர் கணக்குல வரமாட்டாரு, நிஸ்ஸான்காரரு வாஷிங்டன்ல இருந்தாலும் சண்டர்லேண்ட் கணக்குல வந்துருவாரு.

இதுக்கு என்ன பண்ணலாம்? சான்-நஸேருக்கு கம்யூனை எடுக்காம, அதைச் சுத்தி 10 கம்யூன் சேந்து நடத்துற காரென்ங்கிற கூட்டு அமைப்போட எண்ணை எடுங்க, 1.2 லட்சத்துக்கு மேல வரும், சண்டர்லேண்ட் டிஸ்ட்ரிக்ட்டோட வெச்சுப் பாக்க அதுதான் பொருத்தம். பழைய வருஷங்களுக்கு இன்னிக்கு இருக்கிற எல்லைக்கே திருத்திக் குடுத்த சீரிஸ் இருக்கான்னு தேடுங்க, பிரான்ஸ்ல இது சுலபம். பிரிட்டன் பழைய சென்சஸுக்கு போர்ட்ஸ்மத் யூனிவர்சிட்டி நடத்துற விஷன் ஆஃப் பிரிட்டன் சைட்ல தேடலாம். கெடைக்கலைன்னா 1981-க்கு முன்னாடி போகாதீங்க. எஸ்ஸென் மாதிரி பக்கத்து ஊரோட ஒட்டிக்கிட்டு இருக்கிற ஊரை முழுசா எடுக்கணும்னா ரூர் வட்டாரம் பூரா எடுக்கணும், 53 ஊரு, 50 லட்சத்துக்கு மேல ஜனம், அது இந்த வேலைக்குத் தேவையில்லாத பாரம்.

(லண்டன்ல கிங்ஸ்டன்ங்கிற பரோவுக்கு, பரோன்னா லண்டனுக்குள்ள ஒரு உள்ளாட்சிப் பகுதி, ஜெர்மனியோட ஓல்டன்பர்க் ட்வின், 2016-ல யாழ்ப்பாணத்தோடயும் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. ஐரோப்பா இல்லன்னாலும் யாராவது அதை எடுத்துப் பாக்க நினைச்சா இதே எல்லைப் பிரச்சினை அங்கயும் உக்காந்திருக்கு: 1981 சென்சஸ்ல யாழ்ப்பாண மாவட்டம்னா கிளிநொச்சியும் சேந்தது, 1984-லதான் அது தனி மாவட்டமாச்சு. 1991-ல சென்சஸே நடக்கல, 2001-ல வடக்குல முழுசா எடுக்க முடியல. அங்க இடைவெளிக்குள்ள போரே இருக்கு, ஒரு கோட்டைப் போட்டு 1981-ஐயும் 2012-ஐயும் இணைச்சுட முடியாது.)

3. யாரை எண்ணுனாங்க, எப்படி எண்ணுனாங்க

மூணு நாடும் மூணு விதம். பிரிட்டன்ல பத்து வருஷத்துக்கு ஒருக்கா ஒரே நாள்ல எல்லார் வீட்டுக்கும் ஃபார்ம், சென்சஸ் 1801-ல இருந்தே நடக்குது, 1941-ல மட்டும் போரால நடக்கல. நடுவுல உள்ள வருஷங்களுக்கு பிறப்பு, இறப்பு, வந்தவங்க, போனவங்கன்னு கூட்டிக் கழிச்சு ஜூன் 30 நிலவரம்னு ஒரு எஸ்டிமேட் போடுவாங்க. பிறப்பு இறப்பு சரியா இருக்கும், வந்தவங்க கணக்கும் சுமாரா இருக்கும், போனவங்க கணக்குதான் தகராறு, ஏன்னா நாட்டை விட்டுப் போறவன் எவனும் போயிட்டு வரேன்னு கவுன்சில்ல சொல்லிட்டுப் போறதில்ல.

இதுக்கு கவென்ட்ரியை விட நல்ல உதாரணம் கெடையாது. ரெண்டு யூனிவர்சிட்டி இருக்கிற ஊரு, வெளிநாட்டுப் பசங்க ஏகப்பட்ட பேர் வருவாங்க, படிச்சு முடிச்சுட்டுக் கிளம்புவாங்க. வந்தது கணக்குல ஏறும், கிளம்புனது சரியா இறங்காது. வருஷா வருஷம் இப்படியே சேந்து சேந்து 2020 நடுவுல கவென்ட்ரிக்கு ஓஎன்எஸ் எஸ்டிமேட் சுமார் 3.79 லட்சத்துல போய் நின்னுச்சு. உள்ளூர் ஆளுங்க, இந்த எண்ணை வெச்சு வீட்டு டார்கெட் போட்டு எங்க கிரீன் பெல்ட் (ஊரைச் சுத்திக் கட்டடம் கட்டாம விட்டு வெச்ச) நிலத்துல கட்டடம் கட்டுறீங்களே, இவ்வளவு ஜனம் எங்கய்யா இருக்குன்னு சண்டை போட்டாங்க, புள்ளியியலைக் கண்காணிக்கிற அமைப்பே 2021-ல அதை எடுத்து ஆராய வேண்டியதாச்சு. கடைசில 2021 சென்சஸ்ல வந்தது 3,45,300. பத்துல ஒரு பங்கு கிட்ட காத்து. ஆக யூனிவர்சிட்டி ஊருக்கு நடுவருஷ எஸ்டிமேட்டை வெச்சு கிராஃப் போட்டு, சென்சஸ் வந்ததும் சர்ருனு இறங்குதேன்னு பதறாதீங்க. 2011-க்கும் 2021-க்கும் இடையில உள்ள எஸ்டிமேட் எடுக்கிறதா இருந்தா, சென்சஸுக்கு அப்புறம் திருத்திப் போட்ட சீரிஸைத்தான் எடுக்கணும்.

ஜெர்மனில யாரு வீடு மாறுனாலும் டவுன் ஆபீஸ்ல போய்ப் பதியணும், அந்தப் பதிவேடுதான் எல்லாத்துக்கும் அடிப்படை. கேக்க நல்லா இருக்கும், ஆனா ஊரை விட்டுப் போறவங்க, முக்கியமா நாட்டை விட்டே போறவங்க, பேரை எடுக்காமப் போயிருவாங்க. 2011-ல சென்சஸ் எடுத்தப்போ நாட்டுல நினைச்சதை விட 15 லட்சம் பேர் கம்மின்னு தெரிஞ்சுது, 2022-ல திரும்ப எடுத்தா அப்பவும் 14 லட்சம் கம்மி, மொத்தம் 8.27 கோடி. அதனால ஜெர்மன் ஊரு கிராஃப்ல 2011-லயும் 2022-லயும் ஒரு படி இறங்குற மாதிரி தெரிஞ்சா அது கணக்குப் பிள்ளை பேனால அடிச்சது. இதுல இன்னொரு தலைவலி, எஸ்ஸென் நகராட்சி தன் பதிவேட்டை வெச்சு ஒரு எண்ணு போடும், மாநிலப் புள்ளியியல் அலுவலகம் சென்சஸை வெச்சு இன்னொண்ணு போடும், ரெண்டும் ஒத்துப்போகாது. மாநிலத்தோடதை எடுங்க, ஆரம்பத்துல எடுத்ததையே கடைசி வரைக்கும் பிடிச்சுக்கோங்க. பாதி வருஷத்துக்கு அது, பாதி வருஷத்துக்கு இதுன்னு கலந்தீங்கன்னா முடிஞ்சுது கதை.

பதிவேடுன்னா அதுல பதிய ஒரு காரணமும் வேணும்ல. டிரெஸ்டன்ல 2006-ல, ரெண்டாவது வீடுன்னு பதிஞ்சு வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வரி போட்டாங்க. அதுவரைக்கும் அப்பா அம்மா ஊர்லயே பேரை வெச்சிருந்த ஸ்டூடன்ட்ஸ், வரி கட்ட யாருக்கு மனசு வரும், டிரெஸ்டனையே முதல் விலாசமா மாத்திக்கிட்டாங்க. அதே ஆளு, அதே ரூம், ஆனா ஊரு கணக்குல ஒரு தலை கூட. பிரிட்டன்ல 2001 சென்சஸ்ல இருந்து ஸ்டூடன்ட் காலேஜ் நடக்கும்போது தங்குற இடத்துலதான் எண்ணப்படுவாரு, அதனால கவென்ட்ரி - டிரெஸ்டன் ஒப்பிடும்போது 2006-ஐச் சுத்தி உள்ள டிரெஸ்டன் ஏத்தத்தைக் கொஞ்சம் சந்தேகக் கண்ணோடயே பாருங்க.

பிரான்ஸோட புள்ளியியல் அலுவலகமான இன்சே 2004-ல இருந்து வேற மாதிரி பண்ணுது. 10,000 பேருக்குக் கீழ உள்ள கம்யூன்ல அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா எல்லாரையும் எண்ணுவாங்க, அதுக்கு மேல உள்ள ஊர்ல வருஷா வருஷம் 8 சதவீத விலாசத்துல மட்டும் எண்ணுவாங்க, அஞ்சு வருஷத்து எண்ணிக்கையைச் சேத்து ஒரு எண்ணா வெளியிடுவாங்க. சான்-நஸேர் ரெண்டாவது வகை. அதனால போன வருஷத்தை விட இந்த வருஷம் 300 பேர் ஜாஸ்தின்னு எழுதுறதுல ஒரு அர்த்தமும் இல்ல, அஞ்சு வருஷ இடைவெளி விட்டுத்தான் பாக்கணும், இன்சேவே அப்படித்தான் சொல்லுது. பிரெஞ்சு ஷீட்ல மூணு காலம் (நெடுவரிசை) இருக்கும், முனிசிபல் மக்கள்தொகை, தனியா எண்ணினவங்க, மொத்தம்னு. நீங்க எடுக்க வேண்டியது முதல் காலம். மொத்தத்துல சிலரை ரெண்டு ஊர்லயும் எண்ணியிருப்பாங்க.

நெதர்லாந்து ஊரு ஜோடின்னா (க்ராய்டனுக்கு ஆர்ன்ஹெம் மாதிரி) நிம்மதி, அங்க வீடு வீடாப் போய் எடுக்கிற சென்சஸ் 1971-தான் கடைசி, அதுக்கப்புறம் எல்லாம் பதிவேடு, அதுவும் ஒழுங்கான பதிவேடு. போலந்து ஊருன்னா ஜாக்கிரதை, 2004-க்கு அப்புறம் பிரிட்டனுக்கு வேலைக்கு வந்தவங்கள்ல நிறைய பேர் சொந்த ஊர்ல பேரை எடுக்கவே இல்ல.

4. தேதி

இங்கிலாந்து சென்சஸ் 2021 மார்ச் 21, அதாவது லாக்டவுன் நேரம். ஜெர்மனி 2022 மே 15. நடுவுல 14 மாசம்தானேன்னு விட்டுறாதீங்க, அந்த 14 மாசத்துக்குள்ளதான் 2022 பிப்ரவரில உக்ரைன் போர் வெடிச்சு லட்சக்கணக்கான ஜனம் ஜெர்மனிக்கு வந்துச்சு. ஸ்காட்லாந்து ஊருன்னா அங்க கொரோனாவால சென்சஸை ஒரு வருஷம் தள்ளி 2022 மார்ச் 20-ல எடுத்தாங்க. அதே லாக்டவுன் லண்டன் நடுவுல உள்ள பரோக்களையும் ஆட்டிருச்சு, 2011-ஐ விட கென்சிங்டன் செல்சி 9.6 சதவீதம், வெஸ்ட்மின்ஸ்டர் 6.9 சதவீதம் கம்மி. அதுல நிஜமாவே குறைஞ்சது எவ்வளவு, கொரோனாவுக்காக ஊருக்குப் போய் உக்காந்தது எவ்வளவுன்னு பிரிக்கிறது கஷ்டம், புதுசா வர்றவங்க லண்டன் பரோவை முதல்ல எடுக்க வேணாம்.

5. டேட்டாவை எறக்கி ஷீட்ல போடுறது

பிரிட்டனுக்கு ஓஎன்எஸ்ஸோட நோமிஸ் சைட், இலவசம், லாகின் கூட வேணாம். ஜெர்மனிக்கு மாநிலப் புள்ளியியல் அலுவலகம், எஸ்ஸென்னா நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியா, டிரெஸ்டன்னா சாக்சனி. பிரான்ஸுக்கு இன்சே சைட்ல ஊருக்கு ஊரு ‘டோஸியே கம்ப்ளே’ன்னு ஒரு பக்கம் இருக்கும், 1968-ல இருந்து சீரிஸ் ரெடியா இருக்கும், எனக்குப் பிடிச்சது அதுதான், பிறப்பு இறப்பால எவ்வளவு மாறுச்சு, வந்து போனதால எவ்வளவு மாறுச்சுன்னு கூட பிரிச்சுக் குடுத்துருவாங்க.

ஊர்ப்பேரை வெச்சுத் தேடாதீங்க, ஊருக்குக் குடுத்திருக்கிற கோட் நம்பரை வெச்சுத் தேடுங்க. பிரான்ஸ்லயே சான்-நஸேர்ங்கிற பேர்ல வேற ஊரும் இருக்கு, நமக்கு வேண்டியது 44184. ஜெர்மனில எஸ்ஸென்னு லோயர் சாக்சனில ஒரு சின்ன ஊரு இருக்கு, நம்ம எஸ்ஸெனோட கோட் 05113000. டிரெஸ்டன் கோட் இப்போ 14612000, ஆனா 2008 ஆகஸ்ட்ல சாக்சனி மாவட்டங்களை மாத்தி அமைச்சதால அதுக்கு முந்தின ஃபைல்ல 14262-னு ஆரம்பிக்கும், தேடிட்டு டிரெஸ்டனையே காணோமேன்னு முழிக்காதீங்க.

இப்போ எக்ஸெல்ல திறக்கும்போது நடக்கிற கூத்தைச் சொல்றேன். 05113000-ல முன்னாடி இருக்கிற பூஜ்யத்தை எக்ஸெல் தானா முழுங்கிரும், 5113000 ஆயிரும், அப்புறம் ரெண்டு ஷீட்டை லுக்அப் போட்டுச் சேத்தா ஒண்ணும் பொருந்தாது. ஃபைலை டபுள் க்ளிக் பண்ணித் திறக்காம, டேட்டா மெனுவுல இம்போர்ட் வழியா உள்ள கொண்டு வந்து கோட் இருக்கிற காலத்தை டெக்ஸ்ட்னு குடுங்க. ஜெர்மன்காரங்க ஆயிரத்துக்கு கமா போடமாட்டாங்க, புள்ளி வைப்பாங்க, 570.000-ன்னு இருந்தா அது 5 லட்சத்து 70 ஆயிரம், ஆனா நம்ம எக்ஸெல் அதை வெறும் 570-ன்னு எடுத்துக்கும், எஸ்ஸென்ல ஐந்நூத்தி எழுபது பேருன்னு கிராஃப் வரும். பிரெஞ்சுக்காரங்க ஆயிரத்துக்கு இடம் விடுவாங்க, அதுவும் சாதா ஸ்பேஸ் இல்ல, ஃபைண்ட் ரிப்ளேஸ்ல ஸ்பேஸ் பார் தட்டிப் போட்டா அகப்படாது. அந்த செல்லுக்குள்ள போய் அந்த இடைவெளியைக் காப்பி பண்ணி ஃபைண்ட்ல பேஸ்ட் பண்ணுங்க, அப்போ போயிரும். ஷீட்ல ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்துல மூணு காலம் கட்டாயம் வெச்சுக்கோங்க: எந்தத் தேதி, எந்த எல்லை, சென்சஸா எஸ்டிமேட்டா.

6. கணக்கு

நேரா எண்ணை எண்ணோட வெச்சா எஸ்ஸென் பெரிசு, சான்-நஸேர் சிறுசுங்கிறதைத் தவிர ஒண்ணும் தெரியாது. தொடக்க வருஷத்தை 100-னு வெச்சு இண்டெக்ஸ் போடுங்க. சண்டர்லேண்ட் 2011-ல 2,75,500, 2021-ல 2,74,200. வகுத்து நூறால பெருக்குனா 99.5. மிடில்ஸ்பரோ 1,38,400-ல இருந்து 1,43,900, அது 104. கவென்ட்ரி சுமார் 3,17,000-ல இருந்து 3,45,300, அது 108.9. இப்படிப் போட்டா எல்லா ஊரும் ஒரே கிராஃப்ல உக்காரும்.

ஆண்டுக்கணக்கு வேற வேறயா இருக்கும்போது, அதாவது ஒரு நாட்டுல 10 வருஷம், இன்னொரு நாட்டுல 11 வருஷம்னா, வருஷாந்திர வளர்ச்சியா மாத்திக்கோங்க. கடைசி எண்ணை முதல் எண்ணால வகுத்து, அதுக்கு 1/வருஷம்னு பவர் போட்டு, 1-ஐக் கழிச்சா வந்துரும். கவென்ட்ரிக்கு வருஷம் 0.86 சதவீதம், மிடில்ஸ்பரோவுக்கு 0.39, சண்டர்லேண்டுக்கு மைனஸ் 0.05.

இதோட நிறுத்துறவங்கதான் ஜாஸ்தி, ஆனா அடுத்தது தான் முக்கியம்னு நான் சொல்வேன்: ஊரை அதோட நாட்டோட வெச்சுப் பாருங்க. 2011-க்கும் 2021-க்கும் இடையில இங்கிலாந்து 6.6 சதவீதம் வளந்துச்சு, வடகிழக்கு வட்டாரம் 1.9 சதவீதம்தான். ஜெர்மனி சென்சஸுக்கு சென்சஸ் பாத்தா 8.02 கோடில இருந்து 8.27 கோடி, 3 சதவீதம் சொச்சம். சண்டர்லேண்ட் 0.5 சதவீதம் இறங்குனது தனியாப் பாத்தா ஒண்ணுமே இல்ல, ஆனா நாடு 6.6 ஏறும்போது இது அசையாம நின்னா அது 7 புள்ளி பின்தங்கல். எஸ்ஸென்காரன் சும்மா நின்னிருந்தாலும் அவன் பின்தங்குறது அதுல பாதி கூட இல்ல. இந்த வித்தியாசத்தைத் தனி காலமா போட்டு, அதை வெச்சு ஊர்களை வரிசைப்படுத்துங்க.

7. ஏன்னு தேடுறது

பத்து வருஷ கிராஃபை வெச்சு காரணம் எழுதாதீங்க, அம்பது வருஷமாவது வேணும். எஸ்ஸென் 1960-களோட தொடக்கத்துல 7.3 லட்சம் கிட்ட இருந்த ஊரு, இன்னிக்கு 6 லட்சத்துக்குக் கீழ, அதுவும் நடுவுல கெட்விக்கைச் சேத்த அப்புறமும். நிலக்கரிச் சுரங்கம் ஒவ்வொண்ணா மூடுச்சு, கடைசியா ஊர்ல இருந்த ஸோல்ஃபெரைன் 1986 டிசம்பர்ல மூடினாங்க, இப்போ அது யுனெஸ்கோ லிஸ்ட்ல இருக்கு, டூரிஸ்ட் வர்றாங்க. சண்டர்லேண்ட்ல கப்பல் கட்டும் தளங்கள் 1988-ல முடிஞ்சுது, வேர்மத் சுரங்கம் 1993-ல மூடினாங்க, அந்த இடத்துலதான் இப்போ ஸ்டேடியம் ஆஃப் லைட் ஃபுட்பால் மைதானம் நிக்குது. அதே காலத்துல 1986-ல நிஸ்ஸான் வந்துச்சு. அது இல்லன்னா ஊரு இன்னும் வேகமா இறங்கியிருக்கும்னு எனக்குத் தோணுது, ஆனா அது என் யூகம், மக்கள்தொகை எண்ணு மட்டும் அதைச் சொல்லாது. 2001-ல சண்டர்லேண்ட் 2,80,800, அப்போல இருந்து மெல்ல மெல்லத்தான் கரையுது.

சான்-நஸேர்ல மட்டும் கப்பல் கட்டுறது நிக்கவே இல்ல, குயின் மேரி 2 அங்கதான் கட்டினாங்க. 1990-ல கம்யூன் 65,000-த்தைச் சுத்தி இருந்துச்சு, இப்போ 70,000-த்தைத் தாண்டிருச்சு. உடனே பாத்தீங்களா கப்பல் இருந்தா ஊரு வளரும்னு எழுதிராதீங்க. கடலோர ஊரு, வயசானவங்க ரிட்டயர் ஆகி வந்து தங்குவாங்க, பக்கத்துல நான்த் நகரம் வேகமா பெருசாகுது. இன்சேவோட அந்தப் பக்கத்துல, வந்து போனதால வந்த மாற்றம்ங்கிற வரியைப் பாத்தாத்தான் எது எவ்வளவுன்னு ஓரளவு புரியும்.

ஜெர்மனில 1972-ல இருந்து ஒரு வருஷம் கூட பிறப்பு இறப்பைத் தாண்டினதில்ல. அதனால அங்க ஒரு ஊரு ஒரே அளவுல நிக்குதுன்னாலே வெளில இருந்து ஆளு வந்துக்கிட்டே இருக்காங்கன்னு அர்த்தம். எஸ்ஸெனோட தேக்கமும் சண்டர்லேண்டோட தேக்கமும் கிராஃப்ல ஒரே கோடாத் தெரியும், உள்ள நடக்கிறது வேற வேற. முடிஞ்சா ஒவ்வொரு ஊருக்கும் ரெண்டு பட்டை போடுங்க, பிறப்பு இறப்பு வித்தியாசம் ஒண்ணு, வந்தவங்க போனவங்க வித்தியாசம் ஒண்ணு.

ட்வின் ஆனதால ஊரு வளந்துச்சுன்னோ தேஞ்சுதுன்னோ மட்டும் ஒரு வரி கூட எழுதாதீங்க. ட்வின் ஒப்பந்தம்னா ஸ்கூல் பசங்க போய்ட்டு வர்றது, மேயர் விருந்து, பேண்ட் வாத்தியம், அவ்வளவுதான். சமாதானத்துக்காக யாரோ சேத்து வெச்ச ஜோடி, புள்ளிவிவரத்துக்காகப் பொறுக்கி எடுத்தது இல்ல, அதனால ஒரே ஒரு ஜோடியை வெச்சு பிரிட்டன் இப்படி ஐரோப்பா அப்படின்னு பெரிய முடிவுக்கும் போக முடியாது. அப்படி எழுதணும்னா அஞ்சாறு ஜோடியாவது, வளந்த ஊரும் தேஞ்ச ஊரும் கலந்து எடுத்துக்கோங்க, கவென்ட்ரி, மிடில்ஸ்பரோ, பிரிஸ்டல்னு. பிரிஸ்டல் 4,28,200-ல இருந்து 4,72,400, பத்து சதவீதத்துக்கு மேல ஏத்தம், ஹனோவரோட வெச்சுப் பாருங்க.

8. வெளியிடும்போது

கிராஃப்ல எல்லை மாறுன வருஷத்துலயும் சென்சஸ் திருத்தம் வந்த வருஷத்துலயும் கோட்டை உடைச்சு விடுங்க, இணைக்காதீங்க. அடில ஒரு வரி: எந்த எல்லை, எந்தத் தேதி, எப்போ டவுன்லோட் பண்ணது. பின்னது ரொம்ப முக்கியம், ஏன்னா ஓஎன்எஸ் பழைய எஸ்டிமேட்டைத் திரும்பத் திரும்பத் திருத்தும், இன்சே வருஷா வருஷம் டிசம்பர் கடைசில மூணு வருஷத்துக்கு முந்தின எண்ணைப் புதுசா வெளியிடும், நீங்க போட்ட எண்ணு அடுத்த வருஷம் சைட்ல இருக்காது. எறக்குன ஃபைலை அப்படியே தொடாம ஒரு ஃபோல்டர்ல போட்டு, காப்பி எடுத்து அதுல மட்டும் வேலை பாருங்க, யாராவது இந்த எண்ணு எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா எடுத்துக் காட்டலாம்.